சாளையா, சுருள்பாசியா, பாசி எண்ணெயா: நம் வீட்டுக்கு எது வேண்டும்?

நாகர்கோவில் மருந்துக் கடைகளில் இப்போது பச்சை டப்பாக்களுக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி, குளோரெல்லா, அஸ்டாசாந்தின், பாசியிலிருந்து எடுத்த ஒமேகா 3 எண்ணெய் என்று வரிசையாக நிற்கும். எல்லாமே வெறும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியிலிருந்து வந்தவை, எல்லாமே ரத்தம், கண், மூளை, தோல் என்று ஒன்று விடாமல் நல்லது செய்யும் என எழுதியிருக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தது மைனிக்காக (அண்ணியை இங்கே அப்படித்தான் சொல்வோம்). மைனி பறக்கைப் பக்கத்துச் சைவக் குடும்பம், முட்டைகூடத் தொடமாட்டார், இப்போது வயிற்றில் பிள்ளை. சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதான்க்கா, எதை வேணும்னாலும் எடுங்க, எல்லாத்துலயும் ஒமேகா இருக்கு" என்றார். அது உண்மை இல்லை. இந்த டப்பாக்களுக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத உயிர்கள், ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தவறான டப்பாவைக் கொடுத்துவிட்டு, நல்லது செய்துவிட்டோம் என்று ஒன்பது மாதமும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாதே என்றுதான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

டப்பாவை டப்பாவோடு வைத்துப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். நான் அப்படிப் பார்க்கவில்லை. வடசேரி சந்தையில் கிடைக்கிற சாளை (மத்தி மீன்), கொல்லையில் நிற்கிற முருங்கை, ஒரு கோழிமுட்டை, இவற்றோடு ஒவ்வொரு டப்பாவையும் வைத்துப் பார்த்தேன். இவை கொடுக்காத எதையாவது டப்பா கொடுக்கிறதா? கொடுத்தால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் மீன் வாங்கலாம், மீன் சாப்பிடாதவர்கள் பாலும் பயறும் வாங்கலாம்.

முதலில் ஒமேகா 3. நம் ஊர்க்காரர்கள் இதில் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நாம் தினமும் சாப்பிடுகிற மீனுக்கும் அந்த விலை கூடிய எண்ணெய்க்கும் மூலம் ஒன்றே. சாளையில் இருக்கும் இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டு ஒமேகா 3 கொழுப்புகளையும் சாளை பெரும்பாலும் தானாக உண்டாக்குவதில்லை, கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்பாசி உண்டாக்கியதைத் தின்று சேர்த்து வைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கன்னியாகுமரி முனை தொடங்கி கேரளக் கரை நெடுக ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே ஏறி வருகிறது, அந்த நீரோடு வரும் சத்தை எடுத்துக்கொண்டு பாசி பெருகுகிறது, பாசி பெருகினால் அதைத் தின்ன சாளை கூட்டமாக வருகிறது. டயாட்டம் என்று சொல்லப்படும் சிலிக்கா ஓடு போட்ட பாசிகளில் ஃபிராஜிலேரியா ஓஷியானிகா என்று ஒரு வகை உண்டு, அது கடலில் நிறையத் தெரிந்தால் சாளைப்பாடும் நன்றாக இருக்கும் என்று மீன்வள ஆய்வாளர்கள் ரொம்ப நாளாகவே குறித்து வந்திருக்கிறார்கள். மழை ஓய்ந்து வரும் சாளையைக் கீறினால் விரலில் நெய் ஒட்டும். சந்தையில் மீன் விற்கிற அம்மா, "நெய் கெடக்கு மக்களே, எண்ணெய் கொறச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே அள்ளிப் போடுவார். அவர் சொல்லும் அந்த நெய்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் சரக்கு.

அளவு பருவத்துக்குப் பருவம் மாறும், மெலிந்த சாளையில் குறையும், கொழுத்ததில் கூடும். ஆனாலும் 100 கிராம் சாளையில் இந்த இரண்டு கொழுப்பும் சேர்ந்து ஒரு கிராம் அளவுக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். உலக சுகாதார நிறுவனமும் ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம் என்றும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 300 மில்லிகிராம், அதில் குறைந்தது 200 டிஎச்ஏவாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் நூறு கிராம் சாளை என்றால் வாரத்துக்கு 2 கிராம், ஒரு நாளைக்கு 280 மில்லிகிராமுக்குப் பக்கம் வந்துவிடுகிறது. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிடுகிற வீட்டில் பாசி எண்ணெய் மாத்திரைக்கு வேலையே இல்லை. குழம்பாகவோ புளிமுளமாகவோ வைத்தால் கசிகிற நெய் சாற்றிலேயே இருக்கும். முழுக எண்ணெய் விட்டுப் பொரித்தால் மீனின் நெய் கொஞ்சம் எண்ணெய்ச்சட்டிக்குப் போய், சட்டி எண்ணெய் மீனுக்குள் வந்துவிடும். தினமும் பொரிக்கிற வீடாக இருந்தால் இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது எந்த மாத்திரையையும் விட லாபம்.

தடைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். நம் மாவட்டம் இரண்டு கரையிலும் கால் வைத்திருப்பதால் இரண்டு தடைக்காலம், சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது விசைப்படகுக்குத்தான். வள்ளக்காரர்கள் கொண்டுவருகிற சாளையும் நெத்தோலியும் அப்போதும் கிடைக்கும், விலை மட்டும் கொஞ்சம் ஏறும். கர்ப்பிணி மீன் சாப்பிடுபவராக இருந்தால் இந்தச் சின்ன மீன்கள்தான் நல்லது. பெரிய சுறா, பெரிய சூரை போன்றவை பல வருஷம் வாழ்ந்து சின்ன மீன்களைத் தின்று பாதரசத்தைச் சேர்த்து வைப்பவை, அந்த மாதங்களில் தள்ளி வைப்பதே சரி.

ஆனால் மைனி மீன் தொடமாட்டாரே. இங்கேதான் பாசி எண்ணெய் உண்மையிலேயே தன் விலைக்கு வேலை செய்கிறது. சைவக்காரர்களுக்கு ஆளிவிதை சாப்பிடுங்கள், ஒமேகா 3 வந்துவிடும் என்று சொல்வார்கள். ஆளிவிதையில் இருப்பது ஏஎல்ஏ என்ற குட்டை வகை, அதை டிஎச்ஏவாக மாற்றுவதற்கு நம் உடம்பால் மிகச் சொற்பமாகத்தான் முடியும். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளையும் கண்ணின் விழித்திரையும் கடைசி மூன்று மாதத்தில் டிஎச்ஏவை இழுத்துச் சேர்க்கின்றன, அது தாயிடமிருந்துதான் போக வேண்டும். 2018ல் காக்ரேன் அமைப்பு 70 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்து ஒரு முடிவு வெளியிட்டது: கர்ப்ப காலத்தில் ஒமேகா 3 கூடுதலாக எடுத்தவர்களுக்கு 37 வாரத்துக்கு முன்னால் பிரசவம் ஆவது 13.4 சதவீதத்திலிருந்து 11.9 ஆகவும், 34 வாரத்துக்கு முன்னால் ஆவது 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகவும் குறைந்திருந்தது. நுண்பாசி சார்ந்த பொருட்களில் இவ்வளவு பேரை வைத்துப் பார்த்து இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய பலன் வேறு எதற்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த ஆய்வுகளில் பலவற்றில் மீன் எண்ணெய் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் டிஎச்ஏ என்பது எங்கிருந்து வந்தாலும் டிஎச்ஏதான்.

இந்த எண்ணெய் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இன்னும் தைரியமாக வாங்கலாம். கிரிப்தெகோடினியம் கோனி, ஸ்கிசோகைட்ரியம் என்ற இரண்டு உயிர்களைத்தான் பெரும்பாலும் வளர்க்கிறார்கள். கடலில் இருந்து அள்ளுவதில்லை. மூடிய எஃகுத் தொட்டியில், வெயிலே இல்லாமல், குளுக்கோஸ் போட்டு, கள் புளிக்க வைக்கிற மாதிரி நுரைக்க வைத்து வளர்க்கிறார்கள். ஸ்கிசோகைட்ரியத்தை வகைப்பாட்டுக்காரர்கள் பாசியில் சேர்ப்பதுகூட இல்லை, ஒளிச்சேர்க்கை அதற்குக் கிடையாது, ஆனால் சந்தையில் எல்லாரும் பாசி எண்ணெய் என்றே விற்கிறார்கள். விண்வெளிப் பயணத்துக்குப் பாசி பயன்படுமா என்று நாசா பணம் கொடுத்து நடந்த ஆராய்ச்சியில் இருந்தவர்கள் பிரிந்து வந்து 1985ல் அமெரிக்காவில் மார்ட்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள், குழந்தைப் பால்மாவில் இந்த எண்ணெயைச் சேர்க்க 2001ல் அங்கே வழி பிறந்தது. கடலோடு தொடர்பே இல்லாமல் வளர்வதால் பாதரசப் பயமும் இல்லை.

வாங்கும்போது ஒரு இடத்தில் கண் வைக்க வேண்டும். டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் பாசி எண்ணெய் 500 மில்லிகிராம் என்று இருக்கும். பின்பக்கம் திருப்பிச் சத்து அட்டவணையில் டிஎச்ஏ என்ற வரியைத் தேடுங்கள், அங்கே 200 என்று இருக்கலாம், 100 என்றும் இருக்கலாம். எண்ணெயின் அளவு வேறு, எண்ணெய்க்குள் இருக்கும் டிஎச்ஏ அளவு வேறு. நமக்கு வேண்டியது அந்த 200. அப்புறம் மாத்திரையின் உறை. சில உறைகள் மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின். எண்ணெய் சைவம், உறை அசைவம் என்று ஆகிவிடக் கூடாது, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம், சாப்பாட்டில் கொஞ்சமாவது தேங்காயோ எண்ணெயோ இருக்கும்போது போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும், வெறும் வயிற்றில் போட்டால் ஏப்பம்தான் மிச்சம்.

இனி சுருள்பாசி. கடையில் அதிகம் விற்பது இதுதான், அதிகம் புகழப்படுவதும் இதுதான். புகழுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் டெஸ்கோகோ ஏரியில் அள்ளி அடையாகத் தட்டிச் சாப்பிட்டார்கள், ஆப்பிரிக்காவில் சாட் ஏரிப் பக்கத்துக் கனெம்பு பெண்கள் இன்றைக்கும் அள்ளி மணலில் ஊற்றிக் காயவைத்து 'திஹே' என்று குழம்பில் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் சென்னை முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில் சி.வி. சேஷாத்ரி இதைக் கிராமத்துப் பெண்கள் வீட்டிலேயே வளர்க்கிற அளவுக்கு எளிமையாக்கப் பாடுபட்டார். ஆரோவில்லில் இன்றும் வளர்க்கிறார்கள். காய்ந்த பொடியில் எடைக்குப் பாதிக்கு மேல் புரதம், 55 முதல் 70 சதவீதம் வரை. இந்த எண்ணைத்தான் எல்லா டப்பாவிலும் போடுகிறார்கள். இறைச்சியை விடக் கூட, பருப்பை விடக் கூட என்று ஒரு படமும் போட்டிருப்பார்கள்.

சரி, எவ்வளவு சாப்பிடுகிறோம்? சாதாரணமாக ஒரு மாத்திரை 500 மில்லிகிராம். ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை என்று எழுதியிருந்தால் அது ஒரு கிராம் பொடி. அதில் புரதம் 0.6 கிராம். ஒரு கோழிமுட்டையில் ஏறக்குறைய 6 கிராம். ஒரு முட்டைக்கு ஈடாக இருபது மாத்திரை விழுங்க வேண்டும். மைனி மாதிரி முட்டை சாப்பிடாதவர் ஒரு கப் சிறுபயறு வேகவைத்துச் சாப்பிட்டால் அந்த இரண்டு மாத்திரையை விட எத்தனையோ மடங்கு புரதம் கிடைத்துவிடும். புட்டுக்கும் கஞ்சிக்கும் பயறு நம் வீட்டில் எப்போதும் இருப்பதுதானே. புரதத்துக்காகச் சுருள்பாசி மாத்திரை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

இரும்புச்சத்தில் நிலைமை கொஞ்சம் மேல். 100 கிராம் பொடியில் 28 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உண்டு. ஒரு நாளைக்கு 5 கிராம் சாப்பிட்டால் 1.4 மில்லிகிராம். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராமும் கர்ப்பிணிக்கு 27 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் சொன்னது. முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும், கை நிறைய சுண்ணாம்புச்சத்தும், கண்ணுக்கு வேண்டிய கரோட்டினும் இருக்கின்றன. மரத்தில் ஏறி ஒரு கொப்பு ஒடித்தால் போதும், தேங்காய் போட்டுத் துவரன் வைத்தால் அந்தத் தேங்காயின் கொழுப்பில் கரோட்டின் உடம்பில் சேரவும் செய்யும். ஆனால் ரத்தசோகை இருக்கிற கர்ப்பிணிக்கு முருங்கையும் போதாது, சுருள்பாசியும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, 180 நாள் போடச் சொல்கிறார்கள். மலச்சிக்கல் வருகிறது, குமட்டுகிறது என்று அதை நிறுத்திவிட்டு 'இயற்கையான' பச்சை மாத்திரைக்கு மாறுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடலாமா, வேறு வகை உண்டா என்று அங்கேயே நர்சிடம் கேளுங்கள், நிறுத்தாதீர்கள்.

அதைவிட முக்கியம் பி12. சைவக்காரர்களைக் குறிவைத்து, சுருள்பாசியில் பி12 ஏராளம் என்று விற்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பங்கு போலி பி12. வடிவம் பி12 போலவே இருக்கும், நம் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது. பழைய முறைச் சோதனையில் ஒரு பாக்டீரியாவை வளரவிட்டு அது வளர்கிற அளவை வைத்து பி12 எவ்வளவு என்று சொல்வார்கள், அந்தப் பாக்டீரியா போலியையும் தின்று வளரும், அதனால் டப்பாவில் எண் பெரிதாக வந்துவிடுகிறது. கை கால் மரமரப்பு, ஓயாத களைப்பு, ஞாபக மறதி என்று பி12 குறைவினால் வருகிற கஷ்டங்கள் நரம்பைத் தொடுபவை, நாள் கடந்தால் முழுக்கத் திரும்பாமலும் போகலாம். முட்டை சாப்பிடாதவர்கள் பால், தயிரோடு ரத்தத்தில் பி12 பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிற மாத்திரையை எடுப்பதுதான் வழி. மைனிக்கும் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்யச் சொன்னேன்.

இவ்வளவு கழித்த பிறகும் சுருள்பாசியில் ஒன்று மிச்சம் இருக்கிறது, அது அதன் நீலம். ஃபைகோசயனின் என்ற நிறப்புரதம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, அரைக் கரண்டிப் பொடியைத் தூவிக் கலக்காமல் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்து மேல் தண்ணீர் நீலமாக நிற்கும், பக்கவாட்டில் வெயில் பட்டால் அதே நீலத்துக்குள் ஒரு சிவப்பு மினுங்கும். வெயிலை வாங்கிச் சிவப்பாகத் திருப்பி அனுப்புகிற குணம் அந்தப் புரதத்துக்கு உண்டு. பொடியைக் காயவைக்கும்போது சூட்டில் தீய்த்திருந்தாலோ பழசாகியிருந்தாலோ நீலம் மங்கிப்போயிருக்கும். சுத்தத்துக்கு இது அத்தாட்சி இல்லை, பதமாகக் காயவைத்தார்களா என்பதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். வீக்கத்தைத் தணிக்கும், செல்களைக் காக்கும் என்று இந்த நீலத்தைப் பற்றிச் சோதனைக் கூடத்தில் நிறைய ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் செய்த சின்னச் சின்ன ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சுருள்பாசி எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் ஓரளவு குறைந்திருக்கின்றன. கொழுப்பு கொஞ்சம் மேலே நிற்கிறது, டாக்டர் இன்னும் மாத்திரை எழுதவில்லை, நடைப்பயிற்சி தொடங்கியிருக்கிறோம் என்கிறவர் நல்ல சுருள்பாசியை நாளைக்கு ஒரு கரண்டி சேர்த்துப் பார்க்கலாம், நான் தடுக்க மாட்டேன். எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அதைச் சாப்பிடுகிறேன் என்றால் தடுப்பேன். மட்டிப்பழத்தோடு பிசைந்தோ மோரில் கலந்தோ சாப்பிடலாம். தோசை மாவில் கலந்து சுட்டால் இரும்பும் புரதமும் இருக்கும், நீலம் சூட்டில் போய்விடும்.

குளோரெல்லா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1890ல் டச்சுக்காரர் பெயரிங்க் இனம் கண்டு தனியே பிரித்தெடுத்த பாசி இது, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு உலகத்துக்கே இதைப் போட்டுச் சோறு போடலாம் என்றுகூட நம்பினார்கள். வளர்க்கிற செலவும் அதன் தடித்த செல் சுவரும் அந்த நம்பிக்கையைக் கெடுத்தன. சுவரை உடைக்காமல் சாப்பிட்டால் உள்ளே இருப்பது முழுசாக நமக்குக் கிடைக்காது, அதனால்தான் 'செல் சுவர் உடைத்தது' என்று போட்டு விற்கிறார்கள். சுருள்பாசியை விட விலை அதிகம், புரதமும் இரும்பும் கிட்டத்தட்ட அதே பாடு. உடம்பில் உள்ள விஷத்தை எல்லாம் வெளியே எடுத்துவிடும் என்று சொல்வதற்கு மனிதர்களிடம் நம்பும்படியான ஆதாரம் இல்லை. சில குளோரெல்லாவில் உண்மையான பி12 இருக்கிறது, ஆனால் ஒரு கம்பெனிச் சரக்கில் இருப்பது இன்னொன்றில் இருப்பதில்லை, நரம்பு விஷயத்தை அந்த மாதிரி அதிர்ஷ்டத்தில் விட முடியாது. வைட்டமின் கே நிறைய உள்ள பாசி என்பதால், இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது நம் ஊர்க்காற்று படுகிற பாசி. புத்தளம், சாமித்தோப்பு உப்பளம் வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும், உப்புநீர் முற்ற முற்றப் பாத்தியில் ஒரு செம்மை ஏறும். உப்பளங்களில் இப்படி நிறம் ஏற்றுகிறவற்றில் டுனாலியெல்லா சலினா என்ற நுண்பாசி முக்கியமானது, உப்பை விரும்பும் வேறு நுண்ணுயிர்களும் கூடவே இருக்கும். 1838ல் பிரான்சில் டூனால் என்பவர் உப்பளச் சிவப்புக்குக் காரணம் இந்த உயிர்தான் என்று பார்த்துச் சொன்னார், அவர் பெயரையே பிற்பாடு வைத்தார்கள். உப்பும் வெயிலும் வாட்டும்போது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உள்ளே பீட்டா கரோட்டினைக் குவிக்கும், காய்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும். ஆஸ்திரேலியாவிலும் இஸ்ரேலிலும் இதை வளர்த்துக் கரோட்டின் எடுத்து விற்கிறார்கள். நம் உப்பளத்திலும் வளர்க்கலாமே என்று யோசிப்பது நல்ல யோசனைதான், உப்பு விலை விழுந்து கிடக்கும்போது அளக்காரர்களுக்கு இன்னொரு வருமானம் கிடைத்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன்.

ஆனால் மாத்திரையாக வாங்கிச் சாப்பிடுவது வேறு. இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள், அதில் ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள், நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி. 1994ல் முடிவு வந்தபோது கரோட்டின் எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்விலும் இதே போக்குத் தெரிந்ததால் 1996ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அவை தொழிற்சாலையில் செய்த கரோட்டின், பாசியில் எடுத்தது இல்லை, ஆனால் பாசியில் எடுத்தது பத்திரம் என்று காட்டிய இவ்வளவு பெரிய ஆய்வு எதுவும் கிடையாது. என் சித்தப்பா பீடி விடமாட்டார். கண் மங்குகிறது என்று ஒருவர் இந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தார். நான் அதை எடுத்து வைத்துவிட்டு, கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், கண்ணில் புரை வந்திருந்தது. சாப்பாட்டில் வருகிற கரோட்டினுக்கு இந்தப் பயம் இல்லை, மாம்பழமும் மஞ்சள் பூசணியும் முருங்கையும் அவர் தாராளமாகச் சாப்பிடலாம்.

அஸ்டாசாந்தின் ஹீமட்டோகாக்கஸ் என்ற நன்னீர்ப் பாசியில் இருந்து வருவது. சுகமாக இருக்கும்போது பச்சை, தண்ணீரும் சத்தும் குறைந்தால் ரத்தச் சிவப்பு. வேகவைத்த இறாலின் சிவப்பும் இதே பொருள்தான். பச்சை இறாலில் அது புரதத்தோடு ஒட்டி நிறம் மறைந்து கிடக்கும், சூட்டில் புரதம் விட்டுவிட்டதும் சிவப்பு வெளியே தெரியும். தட்டிலேயே விலை கூடிய டப்பா பெரும்பாலும் இதுதான். தோல் சுருக்கம், கண் சோர்வு இவற்றுக்கெல்லாம் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன, வீட்டுச் செலவில் ஒரு இடம் கொடுக்கிற அளவுக்கு அவை வளரவில்லை என்பது என் எண்ணம். கை நிறையப் பணம் இருக்கிறவர்கள் வாங்கட்டும், கடன் வாங்கியோ பிள்ளையின் பால் காசிலோ வாங்கக் கூடாது.

வீட்டிலேயே சுருள்பாசி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர், மகளிர் குழுக்களிலும் இந்தப் பேச்சு இருக்கிறது. வளர்க்கலாம், இடம் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டியது சோடா உப்பு கரைத்த காரத் தண்ணீர், பிஎச் 9க்கு மேல் 10 பக்கம், 30 முதல் 35 டிகிரி சூடு, நல்ல வெளிச்சம். அந்தக் காரத்தில் வேறு பாசி அதிகம் தலைகாட்டாது, அதுதான் அதன் பாதுகாப்பு. நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. திறந்த தொட்டியில் ஒரு ராத்திரி மழை கொட்டினால் காரம் இறங்கிவிடும், வேறு பாசி ஏறிவிடும். குலசேகரம், அருமனை மாதிரி ரப்பர்க் காட்டு ஊர்களில் வருஷத்தில் பல மாதம் கூரைக்கு அடியில்தான் வைக்க வேண்டியிருக்கும். அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு, வெயில் அதிகம், அது பரவாயில்லை. ஆரல்வாய்மொழியில் வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் காற்றாலை சுற்றுகிற காற்றில் மண்ணும் சருகும் தொட்டிக்குள் வந்து விழும், நான்கு பக்கமும் வலை கட்டாமல் முடியாது.

ஒரு சதுர மீட்டர் தொட்டியில் ஒரு நாளைக்குக் காய்ந்த எடையில் 5 முதல் 8 கிராம் வரை கிடைத்தால் நல்ல பராமரிப்பு. நான்கு பேர் வீட்டுக்கு ஆளுக்கு 5 கிராம் என்றால் நான்கு சதுர மீட்டராவது வேண்டும். காலையில் வெயில் ஏறும் முன் மெல்லிய துணியில் வடித்து, துணியைப் பிழிந்தால் பச்சைக் களி மாதிரி நிற்கும், இழை இழையாகச் சுருண்ட பாசி என்பதால் துணியிலேயே நின்றுவிடுகிறது, குளோரெல்லாவை இப்படி வடிக்க முடியாது. அந்தக் களியை அன்றைக்கே சாப்பிடலாம், ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரிரு நாள், அதற்கு மேல் மீன் அழுகிய வாடை வரும், தூரப் போட்டுவிட வேண்டும். விற்பதற்கு வளர்க்கிற குழுக்களுக்கு ஒன்று சொல்வேன்: வளர்ப்பது எளிது, சுத்தமாகக் காயவைத்து, உலோகங்களும் மைக்ரோசிஸ்டினும் இல்லை என்று சோதனைச் சான்றிதழ் எடுத்து, வாங்க ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். வாங்குகிற ஆளை முதலில் பிடித்துவிட்டுத் தொட்டி கட்டுங்கள்.

மைக்ரோசிஸ்டின் என்றேனே, அது வேறு நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்குகிற, கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. ஏரியில் தானாக வளர்ந்ததை அள்ளி விற்றால் அந்தப் பாசியும் கலந்துவிடும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து கிளமத் ஏரிப் பாசியில் இந்தப் பிரச்சினை வந்து, 1997ல் ஒரு கிராமுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அங்கே வரம்பு போட்டார்கள். அதனால் டப்பாவில் எங்கே வளர்த்தது என்று பாருங்கள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் பாருங்கள், சோதனை அறிக்கை கேட்டால் தருகிற கம்பெனியாக எடுங்கள். மூட்டை பிரித்து எடை போட்டு விற்கிற பொடியை வாங்கவே வேண்டாம்.

யார் எல்லாம் சுருள்பாசியும் குளோரெல்லாவும் டாக்டரைக் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும் என்றால், முடக்குவாதம், லூபஸ் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்குகிற நோய் உள்ளவர்கள், யூரிக் அமிலம் ஏறிக் கால் வீங்குகிறவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள். புரதத்தில் உள்ள ஒரு பொருளை உடம்பால் செரிக்க முடியாத பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. தைராய்டுக்கு நல்லது என்று சொல்லி விற்பதையும் கேட்டிருக்கிறேன். கடற்பாசியில் அயோடின் இருப்பதைக் கேள்விப்பட்டு இதிலும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். சுருள்பாசி பாறையில் முளைக்கிற கடற்பாசி இல்லை, அதில் அயோடின் சொல்லும்படி இல்லை.

எங்கள் வீட்டில் முடிவானது இப்படி. நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள் எந்த டப்பாவும் வாங்கவில்லை, சாளை வாரத்துக்கு இரண்டு தடவை, அதிலும் ஒரு தடவையாவது குழம்பு. மைனிக்கு டாக்டரிடம் காட்டி, டிஎச்ஏ 200 மில்லிகிராம் உள்ள சைவ உறைப் பாசி எண்ணெய் மாத்திரை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று. இரும்பு மாத்திரை ராத்திரிக்கு, பி12 சோதனை முடிவைப் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்தது தனி. பாலூட்டுகிற மாதங்களிலும் அந்த எண்ணெயைத் தொடர வேண்டும், தாய்ப்பாலில் டிஎச்ஏ எவ்வளவு போகும் என்பது தாய் சாப்பிடுவதைப் பொறுத்தது. செலவுக்குக் கை கடித்தால் மற்ற டப்பாக்களில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள், சைவக் கர்ப்பிணிக்கு இந்த ஒன்றை மட்டும் விடாதீர்கள்.